உட்காதுச் சமநிலைக் கோளாறிலிருந்து மீளும் நீண்ட காலத்தில் நம்பிக்கையைத் தக்கவைப்பது எப்படி?

உட்காது நரம்பழற்சி (சமநிலைச் செய்தியை உட்காதிலிருந்து மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பில் ஏற்படும் அழற்சி) வந்து எட்டு மாதங்களாகியும் தலைசுற்றலும் தள்ளாட்டமும் முழுமையாக நீங்கவில்லை, இனியும் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நோயில் நம்பிக்கை வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. அதற்கு உடலியல் ஆதாரம் உண்டு.

ஒவ்வொரு காதிலும் உள்ள 3 அரைவட்டக் குழல்களும் 2 சிற்றுறுப்புகளும் தலையின் அசைவை மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஒரு பக்கத்துச் செய்தி குன்றும்போது, அசையாத உலகம் சுழல்வதாக மூளை பிழையாகக் கொள்கிறது. சேதமடைந்த நரம்பு முழுதும் தேறாவிட்டாலும், மூளைத்தண்டும் சிறுமூளையும் அக்குறையை ஈடுசெய்து, கண்களும் பாதங்களும் தரும் தகவலைச் சேர்த்துக்கொண்டு சமநிலையைப் புதிதாகக் கற்கின்றன. பிழை நேர்ந்தால்தான் திருத்தம் நிகழும் என்பதால், தலையை அசைக்காமல் படுத்திருப்பது இதமாக இருந்தாலும் மீட்சியைத் தாமதப்படுத்தும். சுற்றலை அடக்கும் மாத்திரைகளை நெடுநாள் தொடர்வதும் அவ்வாறே (ஆயினும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்). 1940-களில் இங்கிலாந்தில் காத்தோர்ன், குக்ஸி ஆகிய மருத்துவர்கள் வகுத்த தலை, கண் அசைவுப் பயிற்சிகளின் அடிப்படை இதுவே. பயிற்சியின்போது மிதமான சுற்றல் தோன்றிச் சிறிது நேரத்தில் அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை.

மனத்தை உண்மையில் உடைப்பது, ஓரளவு தேறியபின் வரும் பின்னடைவுதான். காய்ச்சல், தூக்கமின்மை, மனஅழுத்தம் ஆகியவை மூளை கற்றதைத் தற்காலிகமாகக் குலைக்கக்கூடும். அது கற்றது அழிந்துவிட்டதாகப் பொருளாகாது. ஆகவே இன்றைய நாளை நேற்றோடு ஒப்பிடாமல், ஒரு மாதத்துக்கு முன் இயலாதிருந்த எதை இப்போது செய்கிறீர்கள் என்று குறித்துவையுங்கள்: மங்கிய வெளிச்சத்தில் நடந்தது, தலையைத் திருப்பியபடி பேசியது போன்ற சிறியவையே போதும். ‘நேர்மறையாக இருங்கள்’ என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையைவிட அந்தக் குறிப்பேடு பயனுள்ளது என்பது என் கருத்து. திடீர்க் காதுகேளாமை, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் ஆகியவை புதிதாகத் தோன்றினால் மட்டும் பின்னடைவு என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.