எதை விடுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் கலைஞராகப் பிழைக்கப் பார்க்கிறேன். ஓவியம்தான் என் அடிப்படை. புத்தக அட்டைகள் வரைகிறேன், சிறுவர் கதைகளுக்குப் படம் போடுகிறேன். குறும்படங்களுக்குப் பின்னணி இசை அமைக்கிறேன். ஒரு நாடகக் குழுவுக்கு மேடை வடிவமைப்பும் செய்தேன். கதையும் எழுதுகிறேன், ஆனால் இன்னும் எதுவும் பிரசுரமாகவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் வேலை வருகிறது, எதிலும் போதுமான அளவு வருவதில்லை.

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான், ஒன்றைப் பிடித்துக்கொள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. இதற்கிடையே ஒரு இயக்குநர் தன் குறும்படத்துக்கு இசை, போஸ்டர் இரண்டையும் கேட்கிறார். ‘ஒரே ஆள்தானே, மொத்தமாக ஒரு தொகை சொல்லுங்கள்’ என்கிறார். எப்படிச் சொல்வது? என் இணையப் பக்கத்தில் எல்லாக் கலைகளையும் காட்டலாமா? எதை விடலாம்? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

அந்தத் தச்சன் பல மரங்களைப் பார்த்தான் என்பதில் ஒரு குற்றமும் இல்லை. எதையும் வெட்டவில்லை என்பதுதான் அவன் மேல் புகார். நீங்கள் அட்டையை முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், இசையையும் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் பழமொழியை ஒதுக்கிவைப்போம். உங்கள் கடிதத்தில் நான் பார்க்கும் சிக்கல் வேறு. நான்கு கலைகளும் உங்களுக்குள் ஒன்றாக இருப்பதால், வெளியிலும் அவற்றை ஒன்றாகவே விற்கப் பார்க்கிறீர்கள். செய்யும்போது அவை எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கட்டும். விற்கும்போது மட்டும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

வேலை கொடுப்பவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ‘பன்முகக் கலைஞர் ஒருவர் வேண்டும்’ என்று யாரும் தேடுவதில்லை. பதிப்பாசிரியருக்கு அடுத்த மாதம் அச்சுக்குப் போகும் நூலுக்கு அட்டை வேண்டும். உங்கள் பக்கத்தைத் திறந்ததும் மேடைப் புகைப்படமும் இசைத் துணுக்கும் கதையும் வந்து விழுந்தால், அட்டை வரைவது உங்களுக்கு எத்தனையாவது வேலை என்ற சந்தேகம்தான் அவருக்கு வரும். லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி, எண் போட்டு அடுக்கிய பாலங்களும் முற்றுகைக் கருவிகளும் பீரங்கிகளும்தான். கட்டடம், சிற்பம், ஓவியம் எல்லாம் கடைசியில் வருகின்றன. அவருக்கு ஓவியம் முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. படிக்கப்போகிறவருக்கு அன்று தேவைப்பட்டது போர்க் கருவி, அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு கலைக்கும் தனிப் பக்கம், தனி இணைப்பு வையுங்கள். பதிப்பாசிரியருக்கு அட்டைப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். மற்றவை ‘என்னைப் பற்றி’யில் ஒரு வரியாக இருந்தால் போதும். வேலை பிடித்துப்போய், நீங்கள் இசையும் அமைப்பவர் என்று அவர் பிறகு தெரிந்துகொண்டால் அது உங்களுக்கு லாபம்தான்.

சரி, அந்த இயக்குநர் விஷயம். ‘ஒரே ஆள்தானே’ என்பது கேட்க இயல்பாக இருக்கும், கணக்கில் நிற்காது. இசைக்கு ஆகும் நாட்களும் போஸ்டருக்கு ஆகும் நாட்களும் ஆள் ஒருவர் என்பதால் குறைந்துவிடாது. குறைவது ஒன்றே ஒன்று: இரண்டு பேரிடம் கதை சொல்லி ஒத்துப்போக வைக்கும் அலைச்சல். அந்த மிச்சம் அவருக்கு. அதற்கு நீங்கள் தள்ளுபடி தர வேண்டியதில்லை. இன்வாய்ஸில் இரண்டு வரி போடுங்கள், இரண்டு தொகை, இரண்டு கெடு தேதி. எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். படத்தின் பெயர்ப்பட்டியலிலும் இரண்டு இடத்தில் உங்கள் பெயர் வரட்டும். இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. போஸ்டர் அவருக்குப் பிடிக்காமல் போனால் பேச்சு போஸ்டர் தொகையோடு முடிந்துவிடும். மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருந்தால் இசைக்கான பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் அட்வான்ஸ் வாங்காமல் தொடங்காதீர்கள். பாதியில் கைவிடப்பட்டால் எவ்வளவு தருவார் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உரிமைகள். பல துறைகளில் வேலை செய்கிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் துறைக்குத் துறை கணக்கு மாறுகிறது. படைப்பாளிகளின் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் நாடுகளில் பதிப்புரிமை (காப்பிரைட்) பெற எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அது உங்களிடமிருந்து எப்படிப் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஓவியத்தின் அசலை ஒருவருக்கு விற்றால் அதை அச்சிடும் உரிமையும் கூடவே போய்விடுவதில்லை. அட்டைக்குக் கொடுத்த படத்தைப் பையிலும் நாட்காட்டியிலும் போட வேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்கி, தனியாகப் பணம் தர வேண்டும். இசையில் இன்னும் ஒரு அடுக்கு உண்டு. மெட்டுக்கு ஒரு உரிமை, அதன் ஒலிப்பதிவுக்கு வேறொரு உரிமை. நீங்களே அமைத்து நீங்களே பதிவு செய்தால் இரண்டும் உங்கள் கையில் இருக்கும், ஒப்பந்தத்தில் ஒரே வார்த்தையில் இரண்டையும் தூக்கிக் கொடுத்துவிடாத வரை. ‘எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்’ என்ற வாசகத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள். இந்தப் படத்துக்கு, இத்தனை வருடத்துக்கு என்று வரையறுத்த உரிமம் கொடுத்தாலே பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும். எல்லாமே வேண்டும் என்று அடம்பிடித்தால் விலை பல மடங்காக வேண்டும்.

பல கலைகள் தெரிவதில் நான் மதிக்கும் நடைமுறை லாபம் ஒன்று உண்டு: பணம் வரும் வேகம் துறைக்குத் துறை வேறு. அட்டைக்கான பணம் சில வாரங்களில் வரலாம். மேடை வேலைக்கு நிகழ்ச்சித் தேதி நிச்சயம், ஆனால் பருவம் முடிந்தால் வறட்சி. புத்தக ராயல்டி வருவதென்றால் தாமதமாகத்தான் வரும், ஆனால் நீங்கள் தூங்கும்போதும் வரும். உங்கள் கடந்த வருட வரவுகளைத் தேதி வாரியாக எழுதிப் பாருங்கள். எந்தக் கலை எந்தக் காலி மாதத்தை நிரப்புகிறது என்று தெரிந்துவிட்டால், எதைத் தேடி எப்போது அலைய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கலை இன்னொன்றுக்குச் சோறு போட்டதற்கு மட்டுமல்ல, விதை போட்டதற்கும் உதாரணம் சத்யஜித் ராய். 1943இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் வரைகலைஞராகச் சேர்ந்தார். கூடவே சிக்னெட் பிரஸ்ஸுக்கு அட்டைகள் வரைந்தார். அந்தப் பதிப்பகம் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் போடச் சொன்னது. பின்னால் அந்த நாவல்தான் அவரது முதல் படமாக 1955இல் வெளிவந்தது. அதை எடுக்கும்போதும் அவர் விளம்பர வேலையை விடவில்லை. தன் படத்துக்குத் தானே இசையமைக்கத் தொடங்கியது 1961இல்தான். எத்தனை வருட இடைவெளி பாருங்கள். நான்கையும் ஒரே வருடத்தில் நிலைநாட்ட வேண்டும் என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் பின்லாந்து எழுத்தாளர் தூவே யான்சன். தன்னை முதலில் ஓவியராகவே நினைத்தவர். 1954 முதல் லண்டன் மாலை நாளிதழுக்காக அவர் வரைந்த மூமின் படக்கதை நல்ல வருமானம் தந்தது. ஆனால் வாரம் ஆறு படக்கதைகள் என்ற வேகம் அவருடைய ஓவியத்துக்கான நேரத்தைத் தின்றது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓவியத்துக்குத் திரும்பினார். ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு இருந்ததால் அது முடிந்தது. உங்களுக்கும் தொடர் வேலை எது வந்தாலும், பணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முடிவுத் தேதி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், எதை விடுவது என்ற கேள்வி. இப்போதைக்குக் கலை எதையும் விட வேண்டாம். சின்னச் சின்ன வேலைகளை விடுங்கள். காலையில் ஒருவருக்கு லோகோ, மதியம் இன்னொருவருக்கு அரை நிமிட இசை, மாலையில் வேறொருவருக்கு அழைப்பிதழ் என்று ஓடினால் நாள் முழுக்கக் கை மாற்றுவதிலேயே போய்விடும், போர்ட்ஃபோலியோவில் வைக்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு வாரத்துக்கு ஒரு கலை என்று ஒதுக்க முடிகிற அளவுக்குப் பெரிய வேலைகளாகப் பார்த்து எடுங்கள். வாடகைக்கு இடிக்கிற மாதத்தில் இந்த விதியை மீறலாம், தப்பில்லை.

கதைகளை மட்டும் விற்பனைப் பட்டியலில் இன்னும் சேர்க்காதீர்கள். அதை யாரும் கேட்டு வரவில்லை, கெடு தேதியும் இல்லை, நன்றாக வளரட்டும். இரண்டு மூன்று தேறியதும் பத்திரிகைகளுக்கு அனுப்பத் தொடங்குங்கள். படம் நீங்களே போட்டு அனுப்ப வேண்டாம். பத்திரிகை ஆசிரியர் முதலில் கதையைப் படிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா