பிரிட்டன் விலகினால் அயர்லாந்தின் கதி என்ன? கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று பிரிட்டனில் 2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு. இது அதற்கு முன்பு எழுதியது, ‘இப்போது’, ‘இன்று’ என்பதெல்லாம் அந்தக் காலம். ஓட்டுப் போடுவது அவர்கள், வயிற்றில் புளியைக் கரைப்பது இங்கே அயர்லாந்தில். டப்ளினில் உணவு ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறவன் என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

விலகப் போவது அவர்கள்தானே, நமக்கு என்ன?

இரண்டு நாடும் 1973 ஜனவரி 1 அன்று, ஒரே நாளில், இந்த ஒன்றியத்தின் முந்தைய வடிவத்தில் சேர்ந்தவை. பிரிட்டன் சேராமல் தனியாகச் சேரும் நிலையில் அன்று அயர்லாந்து இல்லை, ஏற்றுமதியில் பெரும்பகுதி அங்கேதான் போனது. இன்று அமெரிக்கக் கம்பெனிகளின் மருந்தும் சாஃப்ட்வேரும் சேர்ந்துகொள்வதால் மொத்தக் கணக்கில் பிரிட்டனின் பங்கு சிறிதாகத் தெரிகிறது. ஆனால் மாட்டிறைச்சியில் ஏறத்தாழப் பாதி, காளானில் பத்தில் எட்டுப் பங்கு இன்னும் அங்கேதான் விற்கிறது. விலகினால் இரு நாட்டு வர்த்தகம் 20 சதவீதமோ அதற்கு மேலோ குறையலாம் என்று இங்குள்ள பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் 2015 நவம்பரிலேயே சொல்லிவிட்டது.

அண்ணா, சுங்கவரி வர இரண்டு வருஷமாவது ஆகுமே, இப்போதே ஏன் இவ்வளவு பதற்றம்?

அடி முதலில் சுங்கத்தில் விழாது தம்பி, பவுண்டில் விழும். 2015 நவம்பரில் ஒரு யூரோவுக்கு 70 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு), 2016 ஏப்ரலில் 80 வரை போனது, அதாவது பவுண்டின் மதிப்பு சரிந்தது, வாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே இப்படி. வட அயர்லாந்து எல்லையை ஒட்டிய மொனகன் பக்கத்துக் காளான் பண்ணைக்காரர் பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட்டுடன் விலை பேசுவது பவுண்டில். ஒரு பவுண்டுக்கு விற்றது கையில் 1.43 யூரோவாக வந்த இடத்தில் ஏப்ரலில் 1.25. கூலி, மின்சாரம், காளான் வளர்க்கும் மக்கிய வைக்கோல் எல்லாம் யூரோவில், அதில் ஒன்றும் குறையவில்லை. சரி, விலை ஏறும்வரை பறிக்காமல் இருக்கலாமா என்றால் அதுவும் முடியாது, காளான் ஒரே நாளில் இரண்டு மடங்காகப் பெருத்துவிடும். இருட்டறையில் அடுக்கடுக்கான தட்டுகளுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாகத் திருகிப் பறித்து, காம்பை வெட்டி, அன்றைக்கே லாரியில் ஏற்றியாக வேண்டும். இவ்வளவு மெல்லிய லாபத்தில் ஓடும் தொழிலை 10 பென்ஸ் சாய்த்துவிடும்.

வட அயர்லாந்து எல்லையில் மறுபடியும் சோதனைச் சாவடி வருமா?

எனக்கு இதுதான் பெரிய கவலை. வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தது, தெற்கே இருப்பது நம் அயர்லாந்து. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை, கடக்கிற சாலைகள் 200-க்கும் மேல். தெற்கிலேயே உள்ள குளோன்ஸிலிருந்து கேவன் என்ற ஊருக்குப் போகிற சாலை சில மைல்களுக்குள் நாலு தடவை எல்லையைத் தாண்டும், வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும். வடக்கில் கறக்கும் பாலில் ஒரு பகுதி தினமும் தெற்கே பதப்படுத்த வருகிறது. அந்த டேங்கரை நிறுத்திக் காகிதம் பார்த்தால் என்ன ஆகும்? 1993-இல் ஒன்றிய நாடுகளுக்குள் சரக்கு தடையில்லாமல் போகும் ஒற்றைச் சந்தை வந்து சுங்கச் சாவடிகள் போயின, வட அயர்லாந்தின் பல வருஷ வன்முறையை முடித்த 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ராணுவச் சாவடிகளும் போயின. அங்கே மறுபடி ஒரு தடுப்புக் கம்பத்தை நட்டால் அது வெறும் வியாபார விஷயமாக நிற்காது.

பிரிட்டனோடு அயர்லாந்து தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமே?

முடியாது. உறுப்பு நாடுகளுக்காக வர்த்தக ஒப்பந்தம் போடும் அதிகாரம் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒன்றியத்திடம்.

லண்டன் வங்கிகள் டப்ளினுக்கு வரும் என்கிறார்களே, லாபம்தானே?

சில வரலாம். ஒன்றியம் முழுக்கத் தொழில் செய்ய உள்ளே ஓர் அலுவலகம் வேண்டும், ஆங்கிலம் பேசும் ஊர் என்பதால் டப்ளின் வசதி. ஆனால் டப்ளின் துறைமுகப் பக்கம் வரும் வங்கி வேலை மொனகனில் காளான் பறித்தவருக்குக் கிடைக்காது. இங்கே வாடகைதான் இன்னும் ஏறும்.

இந்திய பாஸ்போர்ட்டில் ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போவது நின்றுவிடுமா?

2015 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு வந்த அந்தத் திட்டம் இரு அரசுகளும் தங்களுக்குள் செய்துகொண்டது, ஒன்றியத்தின் ஏற்பாடு அல்ல. அதனால் இதற்காக நிற்காது என்றே நினைக்கிறேன்.

சின்ன அளவில் இனிப்பு, காரம் செய்து வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் கடைகளுக்கு அனுப்புகிறோம். இப்போது என்ன செய்யலாம்?

முடிந்தால் விலையை யூரோவில் பேசுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், ஆறு மாதத்துக்கு வரப்போகும் பவுண்டுக்கு இன்றைய நிலவரத்திலேயே முன்கூட்டி விலை பூட்டித் தரச் சொல்லி வங்கியில் கேளுங்கள். ஜூன் 23-க்கு முன்பே கேளுங்கள், அப்புறம் எந்த விலையில் தருவார்களோ.