கேளுங்கள், சொல்கிறோம்: தங்கவயலின் சூடும் தூசியும்

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் கோலார் தங்கவயலோடு ஏதாவது ஓர் ஒட்டுறவு இல்லாத வீடு குறைவு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டும் கேள்விகள் ஓயவில்லை. இந்த இதழில் ஐந்து.

தாத்தா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே போகப் போக அடுப்புக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும் என்பாராம். மேலிருந்து காற்றை அனுப்பினால் சூடு தணியாதா?
– அல்சூர் வாசகி

தணியும். ஆனால் அனுப்புகிற காற்றே சூடேறித்தான் கீழே வந்து சேரும். சைக்கிள் பம்பை நாலு தரம் அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? ஷாஃப்டில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழ்குழியில், இறங்கும் காற்றும் அப்படித்தான் தன் எடையாலேயே அமுங்கி, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். சாம்பியன் ரீஃப் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். அடிமட்டத்தில் பாறையின் வெப்பமே 65 டிகிரியை ஒட்டி இருந்தது.

ஆனாலும் ஆளைச் சாய்ப்பது வெறும் சூடு அல்ல, ஈரம். துளை போடத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அது சூடான பாறையில் பட்டு ஆவியாகும். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வேர்வை வழியுமே தவிர உலராது. உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. பெங்களூர் வெயிலில் தெம்பாகத் திரிகிறவர் சென்னையில் துவண்டுபோவதும் இதனால்தான். அதனால் சுரங்கத்தில் சாதாரண தெர்மாமீட்டரை மட்டும் நம்புவதில்லை. குமிழில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுதான் கணக்கு. அது 30.5 டிகிரியைத் தாண்டினால் வேலையிடத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலாவது காற்று ஓட வேண்டும், 33.5-ஐத் தாண்டவே கூடாது என்பது 1961-ன் உலோகச் சுரங்க விதி.

புதிதாக வந்தவரை முதல் நாளே அடிமட்டத்துக்கு அனுப்பினால் மயங்கி விழுவார். உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வேர்வையோடு உப்பும் போவதால், தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

‘ஏர் பிளாஸ்ட்’ வந்தால் வீட்டில் பாத்திரம் உருளும் என்பார் பாட்டி. சுரங்கத்தில் வைக்கிற வெடியைத்தான் அப்படிச் சொன்னாரா?
– கே.ஆர்.புரம் வாசகர்

இல்லை. வெடி, நேரம் பார்த்து வைப்பது. இது சொல்லாமல் வருவது. பாறையே வெடிப்பது.

3 கிலோமீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் பாரம் சதுர சென்டிமீட்டருக்கு 800 கிலோ அளவில் இருக்கும். தங்கம் ஓடும் குவார்ட்ஸ் என்கிற வெண்கல் பாறையைக் குடைந்து எடுத்ததும், அந்த இடம் சுமந்த பாரம் பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. மென்மையான பாறையானால் நசுங்கி வளைந்துகொடுக்கும். கோலார்ப் பாறை கெட்டி. வளையாது, தாங்கித் தாங்கி ஒரு கட்டத்தில் சிதறிவிடும். இரண்டு குடைவுகளுக்கு நடுவே ‘தாங்கட்டும்’ என்று விட்டுவைத்த சின்னத் தூண்தான் பெரும்பாலும் முதலில் போகும், பாரமெல்லாம் அங்கே குவிவதால். மரக்கட்டை முட்டுக்கொடுத்தது இதற்குப் போதவில்லை. பிறகு குடைந்த இடத்தை கிரானைட் கல் அடுக்கி நிரப்பினார்கள். அதனால் குறைந்தது, நிற்கவில்லை.

அப்பா இருமி இருமியே போனார். ஆஸ்பத்திரிச் சீட்டில் டி.பி. என்றிருக்கிறது. சொந்தக்காரர்கள் ‘மைன்ஸ் தூசி’ என்கிறார்கள். எது சரி?
– ஸ்ரீராமபுரம் வாசகர்

இரண்டுமே சரியாக இருக்கலாம். குவார்ட்ஸைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசியில், கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். கெடுதல் செய்வது 5 மைக்ரானுக்கும் குறைந்த, கண்ணுக்குத் தெரியாத துகள். அது நுரையீரலின் காற்றுப்பை வரை போகும். அதை விழுங்க வரும் காவல் செல் செத்துப்போகும்; அந்த இடம் தழும்பாகும். தழும்பு பெருகப் பெருக நுரையீரல் விரியாது. இதுதான் சிலிகோசிஸ். காவல் செல்கள் கெட்டுப்போன நுரையீரலில் டி.பி. கிருமி எளிதாகக் குடியேறும். சளியில் கிருமி தெரிந்தால் சீட்டில் டி.பி. என்று எழுதிவிடுவார்கள், தழும்பை எக்ஸ்ரேயில்தான் பார்க்க முடியும், அதுவும் ‘என்ன வேலை பார்த்தீர்கள்’ என்று கேட்கிற டாக்டராக இருந்தால். டி.பி.க்கு மருந்துண்டு, தழும்பை மாற்ற மருந்தில்லை. தூசியை விட்டு வெளியே வந்த பிறகும் அது வளரும்.

தடுக்கும் வழி பழையதுதான்: துளைக்கம்பியின் நடுத்துளை வழியாக நுனிக்குத் தண்ணீர் விடுவது. தவறுவது எங்கே என்றால், தண்ணீர் அழுத்தம் குறையும்போது. நனைந்தபடி நிற்க முடியாமல் குழாயை மூடும்போது. வெடித்த புகை அடங்குமுன் உள்ளே போகும்போது. உடைந்த கல்லை நனைக்காமல் அள்ளும்போது. வாயில் கட்டிய துண்டு பெரிய தூசியைத்தான் பிடிக்கும். பார்க்க நிம்மதி, பயனில்லை.

இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. வேலைச் சான்று, பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று: இதே தூசி இன்று பெங்களூரில் சமையல் மேடைக்கு கிரானைட் அறுக்கிற இடத்திலும் பறக்கிறது. உலர்வாக அறுப்பவரைக் கண்டால் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்கு கரண்ட் வந்ததாமே?
– விவேக் நகர் வாசகி

ஆமாம். 1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியில் நேரே தங்கவயலுக்குப் போனது. பெங்களூருக்கு 1905-ல்தான். கம்பி இழுத்தது சுரங்க இயந்திரங்களுக்காக. தொழிலாளியின் லைன் வீட்டுக்கு, அதாவது வரிசை வீட்டுக்கு, விளக்கெரிக்க அல்ல.

பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யலாமா? மகள் மைனிங் படிக்க ஆசைப்படுகிறாள்.
– பானசவாடி வாசகி

செய்யலாம். 1952-ன் சுரங்கச் சட்டம் தடுத்திருந்தது. 2019 ஜனவரியில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கு நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளுக்கு, காலை 6 முதல் மாலை 7 வரை என்று இருந்தது. வேலைக்கு வரும் பெண் எழுத்தில் சம்மதம் தர வேண்டியிருந்தது. ஒரு ஷிஃப்டில் குறைந்தது மூன்று பெண்களாவது இருக்க வேண்டியிருந்தது. சேரும் இடத்தில் இப்போதைய நிபந்தனைகள் என்ன என்று முதலில் விசாரியுங்கள்.