ஒரே பாஸ்வேர்டு, நாலு வீடு

கே: கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் நாலு வீடுகளைப் பராமரிக்கிறோம். தனியாக இருக்கும் காவலர்களுக்காகப் பாதுகாப்பு ஆப் வாங்கினோம். விற்றவர் தந்த ஒரே பாஸ்வேர்டுதான் எல்லோருக்கும். போன மாதம் ஒருவர் வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்முற்றப் பகுதியில்) வழுக்கி விழுந்து ஒரு மணி நேரம் கிடந்தார். ஆப் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு பார்த்தால் நலப்பதிவு நேரம், அதாவது குறித்த இடைவெளியில் காவலர் 'நலம்' என்று பதியாவிட்டால் அலாரம் அனுப்பும் அமைப்பு, அணைந்திருந்தது. — காரைக்குடி

ப: அணைத்தது யார் என்று இனித் தெரியாது; ஒரே லாகினில் பதிவேடு எல்லாரையும் ஒரே ஆளாகத்தான் காட்டும். முகப்புக்கு ஒரு சாவி, உள்ளறைக்கு வேறு சாவி என்று வைத்திருக்கும் ஊரில் இதை எப்படி வாங்கினீர்கள்? மலிவு என்று இதே மாதிரித் திட்டத்தில் ஓராண்டுச் சந்தாவைத் தொலைத்தவன் நான், அதனால்தான் எரிச்சல்.

ஆளுக்கொரு லாகின் போடுங்கள். காவலருக்கு ஷிஃப்ட் தொடங்க, 'நலம்' பதிய, எஸ்ஓஎஸ் (அவசர உதவிப் பொத்தான்) அழுத்த மட்டும் அனுமதி. கண்காணிப்பவர் தன் பொறுப்பிலுள்ள வீடுகளைப் பார்க்கலாம், அலாரத்தை ஏற்கலாம், குறிப்பெழுதி முடிக்கலாம். நலப்பதிவின் நேர இடைவெளியில் கைவைக்கக் கூடாது. நிர்வாகி இரண்டே பேர், இருவருக்கும் ஓடிபி கட்டாயம்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பார்க்கும் அனுமதி வேறு, அலாரம் போகும் பட்டியல் வேறு. முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதில் பெயர் சேர்க்காவிட்டால், அவர் திரையில் சிவப்புப் புள்ளி இருக்கும், போன் அடிக்காது. வேலையை விட்டவரின் லாகினை முடக்கும்போது பட்டியலில் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போடுங்கள்.

கனத்த சுவருக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். 'இரண்டாம் கட்டு, கிணற்றுப் பக்கம்' என்று இடக்குறிப்பைக் கையால் எழுதி வையுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இல்லையென்றால் பின்னணியில் தூங்கிவிடும். பிறகு ஒவ்வொரு லாகினிலும் நுழைந்து, ஒருமுறை எஸ்ஓஎஸ் அழுத்திப் பாருங்கள்.

கே: தவணை வசூலுக்குத் தனியாகப் போகிறேன். வேலை முடிந்து வீட்டில் இருக்கும்போதும் மேலாளர் பாதுகாப்பு ஆப்பில் என் இருப்பிடத்தைப் பார்க்கிறார். — தேவகோட்டை

ப: இது அநியாயம், அம்மா. ஆப்பில் வசதி இருந்தால், ஷிஃப்ட் முடிந்ததும் இருப்பிடம் மறையும்படி நிர்வாகி மாற்றலாம். அந்த வசதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை ஷிஃப்டை முடித்து, ஆப்பிலிருந்து வெளியேறி, போனில் அதற்கான இருப்பிட அனுமதியையும் நிறுத்திவிடுங்கள். காலையில் மறக்காமல் 'எப்போதும்' என்று மாற்றுங்கள்.

கே: சோதித்துப் பார்க்காமல் மூன்று வருடச் சந்தா கட்டிவிட்டேன். பணம் திரும்புமா? — பள்ளத்தூர்

ப: ஒப்பந்தத்தைப் படியுங்கள். இப்போதாவது.

கே: தனித்தனி அனுமதி உண்டு என்று சொல்லி விற்றார்கள். கட்டிய பிறகு, 'அது உயர்ந்த திட்டத்தில்தான்' என்கிறார்கள். — கோட்டையூர்

ப: ஏமாற்றியிருக்கிறார்கள். விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல் இரண்டையும் சேமித்து, 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியலாம். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வணிகத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியிருந்தால் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.