ப்ராஸ்பெக்டஸில் ‘நடக்கலாம்’ என்றார்கள், முன்பே நடந்திருந்தது

கேள்வி: அமெரிக்கச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் புதிய பங்கு வெளியீட்டில் வாங்கினேன். ‘முக்கிய வாடிக்கையாளர் விலகினால் வருமானம் பாதிக்கப்படலாம்’ என்று ப்ராஸ்பெக்டஸில் (முதலீட்டாளர்களுக்காக நிறுவனம் வெளியிடும் விவர ஆவணம்) இருந்தது. அது வெளிவரும் முன்பே அவர் விலகிவிட்டார் என்று இப்போது தெரிகிறது. விலை பாதியாகிவிட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம் (SEC) அனுமதித்த ஆவணம்தானே, என்ன செய்ய முடியும்?

பதில்: வழி இருக்கிறது. முதலில், அந்த நிறுவனம் நல்லது என்று ஆணையம் சான்று தரவில்லை. முதல் பக்கத்திலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். 1911-இல் கன்சாஸ் மாநிலம் போட்ட சட்டப்படி, மோசமான வெளியீட்டை அதிகாரிகளே தடுக்க முடிந்தது. 1933-இன் கூட்டாட்சிச் சட்டம் வேறு பாதையில் போனது: எதையும் விற்கலாம், ஆனால் உள்ளதைச் சொல்லி விற்க வேண்டும். ஆகவே சொன்னது உண்மையாக இல்லாவிட்டால் முதலீட்டாளருக்கு வேறு பாதுகாப்பே கிடையாது. அதனால்தான் பாதி உண்மையை நான் பொய்யைவிடச் சின்னக் குற்றமாக நினைப்பதில்லை.

உங்கள் விஷயம் அந்த வகைதான். நடந்து முடிந்ததை ‘நடக்கலாம்’ என்று எழுதினால் எச்சரிக்கையே வாசகரை ஏமாற்றுகிறது. அந்தத் தகவல் நியாயமான ஒரு முதலீட்டாளர் முக்கியமாகக் கருதக்கூடியதா என்று நீதிமன்றம் பார்க்கும். வருமானத்தில் பெரும்பங்கு அந்த வாடிக்கையாளரிடமிருந்து வந்திருந்தால் உங்கள் பக்கம் வலு அதிகம்.

1933 சட்டத்தின் 11-ஆம் பிரிவில், நிறுவனம் வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தவறான தகவல் இருந்தது, அது முக்கியமானது என்று காட்டினால் போதும். இயக்குநர்களும் வெளியீட்டை நடத்திய வங்கிகளும் ‘உரிய முறையில் விசாரித்துத்தான் கையெழுத்திட்டோம்’ என்று தப்பிக்கலாம். நிறுவனத்துக்கு அந்த வாதம் இல்லை. ஆனால் விலைச் சரிவு வேறு காரணத்தால் வந்தது என்று அது நிரூபித்தால், அந்த அளவுக்கு இழப்பீடு குறையும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: காலம் கடத்தாதீர்கள். தவறு தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம். எப்படியானாலும் வெளியீட்டிலிருந்து மூன்று வருடத்துக்குமேல் முடியாது. வாங்கிய ரசீதுகள், ப்ராஸ்பெக்டஸ் பிரதி, வாடிக்கையாளர் விலகிய தேதிக்கான ஆதாரம் ஆகியவற்றுடன் பங்குச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். அப்புறம், மற்ற முதலீட்டாளர்கள் ஏற்கெனவே கூட்டு வழக்குப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதில் சமரசம் ஏற்பட்டால் கோரிக்கைப் படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். பலர் அதைத் தவறவிட்டே பணத்தை இழக்கிறார்கள்.