இவ்வளவு தெரிந்த மனிதனுக்கு, தான் ஏன் நாய் வளர்க்கிறோம் என்று தெரியுமா?

காவலுக்கு கேமரா வந்துவிட்டது, வேட்டைக்கு யாரும் போவதில்லை, அடுக்குமாடி வீட்டில் நமக்கே இடம் போதவில்லை, அப்புறமும் நாய் வளர்க்கிறோமே, இது அறிவா பழக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் யாரும் எழுதி வைக்காத அறிவு ஏகப்பட்டது கிடக்கிறது. எழுதி வைக்கும் அறிவு இப்போதுதான் அதன் பின்னால் ஓடிவருகிறது.

சென்னை அயனாவரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் விடிகாலையில் நின்று பாருங்கள். கண்ணாடி ஜாடியில் பொறை, அதாவது ரஸ்க் மாதிரி காய்ந்த ரொட்டி, இருக்கும். மனிதர்கள் வாங்கித் தின்பதைவிட நாய்க்கு வாங்கிப் போடுவதுதான் அதிகம். முதல் சவாரிக்குக் கிளம்பும் முன் ஒரு ஆட்டோக்கார அண்ணன் வருவார். பொறையை அப்படியே வீசிவிட்டுப் போக மாட்டார். ஒன்றை உடைத்து, தண்ணீரில் நனைத்து, கிழட்டுச் செவலை நாயின் முன்னால் வைப்பார். மீதியை ரோட்டின் அந்தப் பக்கம் எறிவார். இளசுகள் எல்லாம் அங்கே ஓடிவிடும். செவலைக்குப் பல் போய்விட்டது. மற்றவை பக்கத்தில் இருந்தால் நிம்மதியாக ஒரு வாய் தின்ன விடாது. இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"உங்க நாயாண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லப்பா, தெரு நாய்."

"அப்புறம் ஏன் டெய்லி போடுறீங்க?"

"காலைல வந்து நிக்குதே, என்ன பண்றது?"

அதற்கு மேல் அவரிடம் காரணம் கிடையாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த நாய்க்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஏன் செய்கிறோம் என்பது மட்டும்தான் தெரியாது. நாய் விஷயத்தில் மனித குலமே இப்படித்தான் இருந்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை நாய்களை வளர்க்கும் ஊர்களில் காவலும் வேட்டையும் நிஜமான காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணம் போன பிறகும் நாய் மட்டும் ஏன் நம்மோடு தங்குகிறது? இதற்கு நான் அறிந்த வலுவான சாட்சி ஜெர்மனியில் கிடைத்தது. பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசெலில், 1914-ல், கல்குவாரியில் வேலை செய்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஏறக்குறைய 14,000 ஆண்டுகள் பழையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. 2018-ல் வெளியான ஆய்வில் அந்தக் குட்டியின் பற்களைப் பார்த்துவிட்டு, அதற்குச் சுமார் ஏழு மாதம் என்றும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து வாரக்கணக்கில் அவதிப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

டிஸ்டெம்பர் வந்த குட்டியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கண்ணில் பீளை தள்ளும், மூக்கு ஒழுகும், வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கும், பிறகு வலிப்பு வரும். குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, ராத்திரி முழுக்க மடியில் கிடத்தியிருந்தாலும் பல குட்டிகள் இன்றைக்கும் பிழைப்பதில்லை. விவசாயம் என்றால் என்னவென்றே அறியாத காலத்தில், அடுத்த வேளை இரைக்கு அலைந்த மனிதர்கள், எந்த வேலைக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டிக்குத் தண்ணீர் புகட்டி, துடைத்துவிட்டு, கதகதப்பாக வைத்திருந்திருக்கிறார்கள். யாரும் பார்த்துக்கொள்ளாமல் அது அத்தனை வாரம் தாங்கியிருக்காது என்பது ஆய்வாளர்களின் முடிவு. பயனுக்காகத்தான் நாய் என்று யாராவது அடித்துப் பேசினால் எனக்கு இந்தக் குட்டிதான் ஞாபகம் வரும்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தியது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவருக்கு எடுத்த கல். கூடவே அவர் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. கல்லில் பேர் வெட்டுவது எவ்வளவு பெரிய காரியம், யோசித்துப் பாருங்கள்.

ஆய்வகம் இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வருகிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு, ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். வாசலில் மிச்சச் சோற்றைக் கொட்டிய எந்தப் பாட்டியும் இதைப் படித்துவிட்டுக் கொட்டவில்லை. நாம் தின்றதைத் தின்றுதான் நாய் நாயாகியிருக்கிறது. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று 2015-ல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்யும் அதே ஹார்மோன். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது தெரியவில்லை. நாய் புருவத்தைத் தூக்கிப் பாவமாகப் பார்க்குமே, அதற்கென்று ஒரு தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்க்கு அப்படி இல்லை என்றது 2019-ல் வந்த இன்னோர் ஆய்வு. ஆட்டோக்கார அண்ணன் "வந்து நிக்குதே" என்று சொன்னதற்குள் இது அத்தனையும் இருக்கிறது.

ஆனால் பழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். நாய் கடித்த இடத்தில் மிளகாய்த்தூள் அப்புவதும், சுண்ணாம்பு தடவுவதும், மந்திரிப்பதும் பழக்கம்தான். அதில் உயிர் போகிறது. வெறிநோயின் (ரேபிஸ்) அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. இங்கே ஆய்வக அறிவு மட்டும்தான் பேச வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ல் முதல் வெறிநோய்த் தடுப்பூசியை மனிதருக்குப் போட்டார். 1907-லேயே நம் குன்னூரில் அதற்கென்று பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. கடித்தாலோ பிறாண்டினாலோ, குட்டி நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். தவணை தவறாமல் முடிக்க வேண்டும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருபவரை நாய்க்கூட்டம் துரத்துவதும், குழந்தைகள் கடிபடுவதும் இந்த ஊரில் அன்றாடம் நடப்பவை. அந்தப் பயத்தை நாய் விரும்பிகள் லேசாகப் பேசக் கூடாது. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுதான் பார்த்தது, நாய் குறையவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால், அங்கே குப்பையும் சோறும் இருக்கும்வரை பக்கத்துத் தெரு நாய் வந்து குடியேறும். 1996 முதல் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்போடு சேர்ந்து கருத்தடைக்கு மாறினார்கள். உங்கள் தெரு நாய்க்குக் காதில் சின்ன வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஆனது என்று அர்த்தம்.

ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு வெறிநோய் ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் கஷ்டம் பிடிப்பதுதான். வலையோடு வண்டி தெருவில் நுழைந்ததும் பாதி நாய்கள் கார்களுக்கு அடியில் மறைந்துவிடும். எது எங்கே படுக்கும், எது புதுசாக வந்தது, எது யார் கூப்பிட்டால் வரும் என்பது பொறை போடுகிறவருக்குத்தான் தெரியும். அதனால் உங்கள் தெருவில் ஊசி முகாம் அறிவித்தால் அந்த அண்ணனிடமோ, சோறு வைக்கும் அக்காவிடமோ முந்தின நாளே சொல்லிவையுங்கள். எங்கள் தெருவில் செவலைக்கு ஊசி போட்டபோது வலையே தேவைப்படவில்லை. அண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார், டாக்டர் பின்னால் இருந்து போட்டுவிட்டார்.