கோணேசர் கோயில் கடலுக்குள் போனால் என்ன செய்வது?

கேள்வி: மூதூரில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். பாடசாலையின் பழைய கணினிகளில் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) எனும் வரைபட மென்பொருள் திணறுகிறது. மாணவர்கள் சிலரிடம் மடிக்கணினி உண்டு. பலரிடம் கைப்பேசி மட்டுமே. செய்முறை முழுவதையும் இணையவழி மெய்நிகர் ஆய்வுகூடத்தில் நடத்தலாமா?

பதில்: முழுவதையும் வேண்டாம். அங்கே நீங்கள் இயக்குவது எங்கோ இருக்கும் வலுவான கணினியை. கோப்புகள் அதிலேயே தங்கிவிடும். மாணவரிடம் வந்துசேர்வது திரையின் காட்சி மட்டும். பெரிய செய்மதிப் படங்களைத் தரவிறக்கும் செலவு மிச்சம். ஆனால் சுட்டியை அசைத்து அரை நொடி கழித்துத் திரை அசைந்தால், கொட்டியார் குடாவின் கரையைப் புள்ளி புள்ளியாக வரையும் பிள்ளை பத்தே நிமிடத்தில் வெறுத்துப்போகும். வரைதலை மடிக்கணினியில், இணையமில்லாமலே, இலவச கியூஜிஐஎஸ் மென்பொருளில் செய்யட்டும். மகாவலியின் வடிநிலத்தைப் பிரித்தெடுப்பது போன்ற பாரமான வேலைக்கு ஆய்வுகூடம் போதும்.

கைப்பேசிக்காரர்களைச் சின்னத் திரையில் வதைக்காதீர்கள். களத்தில் இடங்களைப் பதியும் கியூஃபீல்ட் செயலியோடு ஊர்க் கிணறுகளைப் பதிந்துவர அனுப்புங்கள்.

உண்மையான சிக்கல் இணையத்தில் இல்லை, ஆள்கூற்றில், அதாவது ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களில் இருக்கிறது. இலங்கையின் பழைய மீற்றர் ஆள்கூற்று முறை தன் மையத்துக்கு 200,000, 200,000 என்று எண் கொடுத்தது; புதிய எஸ்எல்டி99 முறை அதையே 500,000 ஆக்கியது. பழைய எண்ணைப் புதிய முறையில் இட்டால் கோணேசர் கோயில் தெற்கே 300 கிலோமீற்றரும் மேற்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்து இந்து சமுத்திரத்தில் நிற்கும். முதல் வகுப்பிலேயே இந்தப் பிழையை வேண்டுமென்றே செய்துகாட்டுங்கள். பிறகு வரைபட அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது மாணவர் உங்களைத் தேட மாட்டார், எறியத்தை, அதாவது அடுக்கு எந்த ஆள்கூற்று முறையில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார். தூரத்திலிருந்து கற்பிப்பவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

2004 சுனாமியை வைத்துத் தாழ்நிலப் படம் செய்யும் ஆசை எல்லா ஆசிரியருக்கும் வரும். செய்யுங்கள், ஆனால் ஓர் எச்சரிக்கை. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து 11 நாளில் ரேடாரால் அளந்தது. அதன் ஒவ்வொரு கட்டமும் நிலத்தில் ஏறத்தாழ 30 மீற்றர் அகலம். அடர்ந்த தென்னந்தோப்பில் அது அளந்த உயரத்தில் மரமும் கலந்திருக்கும். கிண்ணியா போன்ற தட்டை நிலத்தில் சில மீற்றர் பிழையே படத்தைத் தலைகீழாக்கிவிடும். ஆகவே ‘5 மீற்றருக்குக் கீழ்’ என்று மாணவர் நிறந்தீட்டிய படத்தை அச்சிட்டு, அன்று தண்ணீர் வந்ததைக் கண்ட பெரியவர்களிடம் கொண்டுபோய், எங்கெங்கே பொய் சொல்கிறது என்று பென்சிலால் குறித்துவரச் சொல்லுங்கள். புள்ளியை அந்தக் குறிப்புகளுக்குப் போடுங்கள்.